பழைய ரேஸ் சைக்கிளின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெங்களூரில் கிடைத்த ஒரு ராலே

அல்சூர்_ஆனந்த் (பெங்களூரு)

எல்லோருக்கும் வணக்கம். காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது வெளியே வந்த சாமான்களில் ஒரு ரேஸ் சைக்கிளை வாங்கியிருக்கிறேன். முன்குழாயில் ராலே நாரை பேட்ஜ் இருக்கிறது. நடுவில் நின்ற தரகர் "1962 மாடல் சார், அசல் இங்கிலாந்து சரக்கு, ஒரு நட்டுகூட மாற்றவில்லை" என்றார். வீட்டுக்காரரின் அப்பா இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது கொண்டுவந்தது என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

என் கண்ணில் பட்டவை: பிரேம் முழுக்க அரக்கு நிற ஆயில் பெயின்ட், பிரஷ்ஷால் அடித்தது. சீட் குழாயில் "ரெனால்ட்ஸ் 531சி" ஸ்டிக்கர். கியர் லீவர்கள் கீழ்க்குழாயில் கிளாம்ப் போட்டு மாட்டியவை. பின் டெரெயிலர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் பாகம்) ஜப்பானின் ஷிமானோ 600, உடம்பில் பூவேலை செதுக்கியிருக்கிறது. பின்னால் ஐந்து பல்சக்கரம். பிரேக் வைன்மன் சென்டர்புல் (கேபிள் நடுவில் இழுக்கும் வகை). முன் ரிம் அலுமினியம், பின் ரிம் நம் ஊர் இரும்பு. படங்கள் இணைத்திருக்கிறேன்.

முழு ஓவராயில் செய்யப்போகிறேன். வயது சரியாகத் தெரிந்தால்தான் எந்தப் பாகத்தை வைத்துக்கொள்வது, எதற்கு மாற்று தேடுவது என்று முடிவெடுக்க முடியும். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

மரை24 (பெங்களூரு)

ஆனந்த், நல்ல பொருள் கைக்கு வந்திருக்கிறது. ஆரம்பிக்க வேண்டிய இடம் பிரேம்.

ஸ்பானரால் கழற்ற முடிகிற எதுவும் சைக்கிளின் வயதைச் சொல்லாது, தன் வயதைத்தான் சொல்லும். நெருப்பு வைத்துப் பற்றவைத்தது எதுவோ அதுதான் பிரேமின் வயதைச் சொல்லும். இது எல்லா நாட்டுக்கும் பொருந்தும், ஆனால் நம் ஊரில் கட்டாயம் பொருந்தும். 1991-க்கு முன்னால் வெளிநாட்டு சைக்கிள் பாகத்தை இங்கே கடையில் கேட்டு வாங்குவது பெரும்பாடு. டெரெயிலர் உடைந்தால் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யார் வருகிறார்களோ அவர்கள் கொண்டுவந்ததை மாட்டுவார்கள். அதனால் நம் ஊர்ப் பழைய ரேஸ் சைக்கிள் ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு வேறு வேறு காலங்கள் சேர்ந்து கிடக்கும்.

இப்போது ஸ்டிக்கர். ரெனால்ட்ஸ் 531 குழாய் 1935-லிருந்து இருக்கிறது. ஆனால் "531சி" என்று எழுத்தோடு சேர்த்த பெயர் 1980களில் வந்தது. 1962 சைக்கிளில் அது இருக்க வழியே இல்லை. அப்படியானால் பிரேம் 1980களைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், அல்லது ஸ்டிக்கர் அந்தப் பிரேமுடையது அல்ல. ஆயில் பெயின்ட்டுக்கு மேலே ஒட்டியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது. சீட் போஸ்ட்டை உருவி வெர்னியரில் அளந்து பாருங்கள். குழாய் வெளிவிட்டம் 28.6 மி.மீ., இரட்டை பட்டட் (இடத்துக்கு இடம் சுவர்த் தடிமன் மாறும்) 531-ல் மேல்முனைச் சுவர் 0.6 மி.மீ. உள்ளே 27.2 போஸ்ட் போகும். அதைவிடச் சின்ன போஸ்ட் இருந்தால் குழாய் தடிமன், ஸ்டிக்கர் சொல்வது பொய்.

அடுத்து, பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு டிராப்அவுட்டுகளுக்கு (அச்சு உட்காரும் இரண்டு தகடுகளுக்கு) நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து சொல்லுங்கள். ஐந்து பல்சக்கரக் காலத்தில் 120 மி.மீ. ஆறும் ஏழும் வந்தபோது 126. 1990-ஐ ஒட்டி எட்டு வந்தபோது 130.

பிரேமில் என்னென்ன பற்றவைத்திருக்கிறது என்றும் பாருங்கள். 1960களிலும் 70களின் முன்பாதியிலும் குழாயைச் சுத்தமாக விட்டுவிடுவார்கள். லீவர், கேபிள் வழிகாட்டி, தண்ணீர் பாட்டில் கூண்டு, மேல்பாரில் ஓடும் பின்பிரேக் கேபிள் எல்லாமே கிளாம்ப்தான். 70களின் கடைசியில் கீழ்க்குழாயில் பாட்டிலுக்கு ஒரு ஜோடி மரை வரும். 80களின் நடுவில் பாட்டிலுக்கு இரண்டு ஜோடி, லீவருக்கு மேடை, கேபிளுக்கு வளையம் என்று எல்லாம் பிரேமிலேயே வந்துவிடும். தனியாகக் கைவேலை செய்த பட்டறைகள் வாடிக்கையாளர் கேட்டதைச் செய்தார்கள், அவற்றுக்கு இது அப்படியே பொருந்தாது. ராலே மாதிரி பெரிய கம்பெனிக்குப் பொருந்தும்.

கடைசியாக, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு போகும் குழாய்) அடியில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சீட் லக்கிலும் (சீட் குழாயின் மேல்முனை இணைப்பு) தேடுங்கள்.

தாராவி_ஸ்போக் (மும்பை)

மரை சார் சொன்னதெல்லாம் சரி. பின் இடைவெளி பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. தாராவியில் எங்கள் அப்பா காலத்திலிருந்து சைக்கிள் கடை. 120 பிரேமில் 126 ஹப் (சக்கரத்தின் நடு உருளை) மாட்ட வேண்டும் என்றால் இரண்டு கையாலும் இழுத்து உட்காரவைத்து அனுப்பிவிடுவோம். நிரந்தரமாக வேண்டுமென்றால் கட்டை கொடுத்து விரித்துவிடுவோம். இரும்புக் குழாய் தாங்கும். அதனால் 126 இருக்கிறது என்பதற்காக 80கள் என்று முடிவு கட்டாதீர்கள்.

விரித்த பிரேமைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கம்பெனியிலிருந்து வந்தபடி இருந்தால் இரண்டு டிராப்அவுட்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். விரித்ததில் தகடுகள் வாய் பிளந்தாற்போல லேசாகச் சாய்ந்திருக்கும். நூல் சோதனையும் செய்யுங்கள். ஒரு டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறு டிராப்அவுட்டில் இறுக்கமாகக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கூடினால் யாரோ ஒருபுறமாக இழுத்திருக்கிறார்கள்.

எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருட்டுப் போனால் அடையாளம் சொல்ல வேண்டுமே என்று நம் ஆட்கள் பெயரின் முதல் எழுத்தையும் ஒரு நம்பரையும் பஞ்ச் அடித்து வைப்பார்கள். அது கோணல்மாணலாக, ஆழம் ஒன்றுபோல இல்லாமல் இருக்கும். கம்பெனி எண் ஒரே வரிசையில் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மாதுங்கா_மணி (மும்பை)

பிரேமைப் பார் என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் பாகங்களில் இருக்கும் தேதிகளை ஒதுக்கிவிட எனக்கு மனசு வராது. அவை எழுத்தில் இருக்கும் ஆதாரம். ஒரு பாகம் சொன்னால் நம்ப வேண்டாம், மூன்று பாகம் ஒரே வருஷத்தைச் சொன்னால் காது கொடுக்க வேண்டும்.

ஆனந்த், உங்கள் ஷிமானோவின் உள்பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து வருஷம்: ஏ என்றால் 1976, பி 1977, இப்படியே போய் இசட் 2001. இரண்டாவது மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். இன்னொரு ஜப்பான் கம்பெனியான சன்டூரின் பாகத்திலும் இதே முறை, ஆனால் ஏ என்பது அங்கே 1974. இந்த இரண்டு வருஷ வித்தியாசத்தில் தவறு செய்பவர்கள் நிறைய. எழுத்தைப் படிக்கும் முன் கம்பெனிப் பெயரைப் படியுங்கள்.

இத்தாலியக் கம்பெனி கம்பக்னோலோ வேறு மாதிரி. அதன் நுவோவோ ரெக்கார்டு மாடல் பின் டெரெயிலரின் உடம்பிலேயே "பேட்டன்ட் 74", "பேட்டன்ட் 78" என்று வருஷம் இருக்கும். 1970களின் தொடக்கத்திலிருந்து அப்படிப் போட்டார்கள். கிராங்கின் (பெடல் மாட்டும் கை) பின்பக்கம் 1973 முதல் ஒரு சாய்சதுரத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கும், அது அந்தப் பத்தாண்டில் எத்தனையாவது வருஷம் என்பது. 80களில் சாய்சதுரம் போய் வட்டம் வந்தது. ஹப் லாக்நட்டிலும் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும்.

என்னிடம் பெயர் தெரியாத ஓர் இத்தாலியப் பிரேம் இருக்கிறது. தாதரில் ஒரு பார்சி பெரியவரிடம் வாங்கினேன். டெரெயிலர் 78, கிராங்க் சாய்சதுரத்தில் 8, லாக்நட் 78. மூன்றும் ஒன்றையே சொல்கின்றன. இதை 1978 சைக்கிள் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

அல்சூர்_ஆனந்த் (பெங்களூரு)

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சீட் போஸ்ட் 26.4. பின் இடைவெளி 121-க்குக் கொஞ்சம் மேலே. டிராப்அவுட் இணையாக நிற்கிறது, நூல் இரண்டு பக்கமும் ஒரே தூரம். பாட்டில் மரை கிடையாது. மேல்பாரில் மூன்று குரோம் கிளிப்கள். லீவர் கிளாம்ப், பாட்டம் பிராக்கெட்டுக்கு மேலே போகும் கேபிள் வழிகாட்டியும் கிளாம்ப்.

ஷிமானோ டெரெயிலரில் ஜி, சி. மணி அண்ணா கணக்குப்படி 1982 மார்ச்.

பாட்டம் பிராக்கெட் அடியில் முதலில் எதுவுமே தெரியவில்லை. பெயின்ட் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து வைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். இரும்புச் சீப்பு, கத்தி எதையும் தொடவில்லை. முதலில் அரக்கு உரிந்தது, அதற்கடியில் ஒரு பச்சை, அதற்கும் அடியில் சாம்பல் பிரைமர், கடைசியில் கெட்டியான நீலம். நீலம் மட்டும் ரிமூவருக்கு அசையவில்லை, அங்கேயே நிறுத்திவிட்டேன். நீலத்துக்குள் குழிகள் தென்பட்டன. மேலே மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தபோது எழுத்து எழும்பி வந்தது: டபிள்யூ, ஈ, பிறகு 6-ல் தொடங்கும் எண் வரிசை. எல்லாம் ஒரே நேர்கோட்டில். சீட் லக்கில் "ஆர் 14" என்று கோணலாக ஒரு பஞ்ச் இருக்கிறது, அது தாராவி நண்பர் சொன்ன வகை போல.

மரை24 (பெங்களூரு)

அருமை. கத்தியைத் தொடாமல் விட்டீர்களே, அதற்கே ஒரு தனி நன்றி. எண்ணைச் சுரண்டியே அழித்த பிரேம்கள் எத்தனையோ பார்த்தாயிற்று.

1973-லிருந்து ராலே எண்ணின் முறை இது. முதல் எழுத்து தொழிற்சாலை: என் என்றால் நாட்டிங்ஹாம், டபிள்யூ என்றால் ஒர்க்சாப். இரண்டாவது எழுத்து வருஷத்துக்குள் எந்த மாதம் என்பது. ஏ-வில் தொடங்கி நடுவில் சில எழுத்துகளைத் தாண்டிப் போவார்கள். ஈ என்றால் வருஷத்தின் முன்பாதி. அடுத்து வரும் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம். உங்களுடையது 6.

1976-ஆ 1986-ஆ என்று உடனே கேட்கத் தோன்றும். ஒர்க்சாப் என்பது கார்ல்டன் கம்பெனியின் பட்டறை. 1960 வாக்கில் ராலே அதை வாங்கி, தன் லேசான ரேஸ் சைக்கிள்கள் பலவற்றை அங்கே செய்தது. 1980களின் தொடக்கத்தில் அதை மூடிவிட்டார்கள். 1986-ல் ஒர்க்சாப் பிரேம் கிடையாது. ஆக 1976, முன்பாதி. பாட்டில் மரை இல்லாதது, கிளாம்ப்கள், 120-ஐ ஒட்டிய இடைவெளி எல்லாம் இதற்கு இசைவாக இருக்கின்றன. 26.4 போஸ்ட் 531சி ஸ்டிக்கரை முடித்துவிட்டது. டெரெயிலர் ஆறு வருஷம் பின்னால் வந்தது.

இன்னும் ஒரு சோதனை பாக்கி. பாட்டம் பிராக்கெட்டைப் பிரிக்கும்போது மரையை எண்ணுங்கள். நாட்டிங்ஹாமில் செய்த ராலேக்களில் பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 மரை, அது ராலேயின் சொந்த அளவு. ஒர்க்சாப்பில் பெரும்பாலும் பொதுவான ஆங்கில அளவான 24. கவனம், ஆங்கில அளவில் செயின் பக்கக் கப்பு இடமரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். தெரியாமல் வழக்கம்போல் எதிர்த்திசையில் பலம் போட்டு மரையைத் தின்ற பிரேம்கள் ஏராளம். இத்தாலிய, பிரெஞ்சு பிரேம்களில் இரண்டு பக்கமும் வலமரை.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு சின்னத் தகவல். 1960-ல் ராலேயை எடுத்துக்கொண்ட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான் அதற்கு முன்பே, 1949-ல், முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. ரெனால்ட்ஸ் குழாய்க் கம்பெனியும் அந்த வீட்டுப் பிள்ளைதான். நாம் பள்ளிக்கு ஓட்டிப்போன ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் இந்த ராலேக்கு ஒருவகையில் சொந்தம்.

காக்ஸ்டவுன்_பெடல் (பெங்களூரு)

அமெரிக்காவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த ஷ்வின் பெங்களூரில் ஆங்காங்கே இருக்கிறது. அதன் வயதைக் கண்டுபிடிக்க வேலையே இல்லை. 1976 முதல் முன்பேட்ஜிலேயே நான்கு இலக்கம் குத்தியிருக்கும். முதல் மூன்றும் வருஷத்தின் எத்தனையாவது நாள், கடைசி இலக்கம் வருஷம். 1236 என்றால் 1976-ன் 123-ஆவது நாள். சிகாகோ ஆலை 80களின் தொடக்கத்தில் நின்றுவிட்டதால் பத்தாண்டுக் குழப்பமும் பெரிதாக வராது.

ஆனந்த், சக்கர அளவைப் பார்த்தீர்களா? உங்கள் சைக்கிள் 27 அங்குலமாக இருக்க வேண்டும்.

ஆர்கேபுரம்_அக்கா (டெல்லி)

ரேஸ் சைக்கிள் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். எங்கள் தாத்தாவின் ராலே இங்கே டெல்லியில் என் வீட்டில் இருக்கிறது. கம்பி பிரேக், முழு செயின்கார்டு, பெரிய பல்சக்கரத்தில் நாரைகள் வெட்டியிருக்கும். தாத்தா 1940களில் இங்கிலாந்து வண்டி வாங்கினார் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில் ஒரு கடைக்காரரும் "லண்டன் மால்" (லண்டன் சரக்கு) என்றே சொல்லி விலை கேட்டார். விற்கும் எண்ணம் இல்லை. உண்மை தெரிய வேண்டும், அவ்வளவுதான். பின் ஹப்பில் ஸ்டர்மி-ஆர்ச்சர், ஏ.டபிள்யூ என்றும், 56 என்றும், பக்கத்தில் 11 என்றும் இருக்கிறது.

மரை24 (பெங்களூரு)

அக்கா, பேட்ஜை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஓரமாக ஓடும் எழுத்தைப் படியுங்கள். "சென்-ராலே" என்றோ "மேட் இன் இந்தியா" என்றோ இருந்தால் அது மேற்கு வங்காளத்தில் அசன்சோலில் செய்தது. ராலேயும் சென் குடும்பத்தாரும் கூட்டாக நடத்திய ஆலை. 1950களின் தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்தது. ராலே மட்டுமல்ல, ஹம்பர், ரட்ஜ், ராபின் ஹூட் பெயர்களிலும் அங்கே வண்டி வந்தது. பிற்பாடு அரசு எடுத்துக்கொண்டு சைக்கிள் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா ஆக்கியது. ஆன்லைனில் "சுதந்திரத்துக்கு முந்தைய இங்கிலாந்து ராலே" என்று விலை போடும் வண்டிகளில் எனக்குப் படம் அனுப்பிக் கேட்டவை பலவும் அசன்சோல் வண்டிகள்தான். அதில் குறைச்சல் எதுவும் இல்லை. அந்த லக் வேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், நேர்த்தியான வேலை.

ஹப்பில் இருப்பது தேதி. 56 வருஷம், 11 மாதம். 1956 நவம்பர். ஹப் நாட்டிங்ஹாமில் செய்தது, அதனால் வண்டியும் அங்கிருந்து வந்தது என்று ஆகாது. மூன்று கியர் ஹப்பை வரவழைத்து மாட்டிக்கொள்வார்கள்.

இதிலிருந்து கிடைப்பது ஒரு பக்க வேலி: சக்கரம் 1956 நவம்பருக்கு முன்னால் கட்டியதாக இருக்க முடியாது. மறுபக்க வேலிக்கு வேறு ஆதாரம் வேண்டும். ரசீது, தேதி போட்ட போட்டோ, சைக்கிள் வரி வில்லை, ஏதாவது இருக்கிறதா?

ஆர்கேபுரம்_அக்கா (டெல்லி)

பேட்ஜில் சென்-ராலே என்று தெளிவாக இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசவில்லை, அப்புறம் "அப்போ அது நம்ம தேசத்து வண்டியா" என்று சந்தோஷப்பட்டார்.

வரி வில்லை என்றதும் சீட்டுக்குப் பின்னால் தொங்கும் தோல் பையைத் திறந்து பார்த்தேன். இறுகிப்போன டயர் சொல்யூஷன் டியூப், ஒரு பல்லு ஸ்பானர், அதற்கடியில் தகர வில்லை. திருச்சி நகராட்சி, 1958-59. தாத்தா டெல்லிக்கு மாற்றலாகி வருவதற்கு முன் திருச்சியில்தான் இருந்தார்.

மாதுங்கா_மணி (மும்பை)

பொக்கிஷம் அக்கா! அந்த வில்லையைப் பத்திரமாக வையுங்கள். ஹப் "இதற்கு முன் இல்லை" என்கிறது, வில்லை "இதற்குப் பின் இல்லை" என்கிறது. 1956 நவம்பரிலிருந்து 1959 மார்ச்சுக்குள் என்று கிட்டத்தட்ட இரண்டரை வருஷத்துக்குள் வண்டியைப் பிடித்துவிட்டீர்கள். ரேஸ் சைக்கிள்களுக்கு இந்த மாதிரி மேல்வேலி கிடைப்பதே இல்லை.

மரை24 (பெங்களூரு)

மணி, கணக்கு அழகு. ஒரு சின்னத் திருத்தம் மட்டும். வில்லை வண்டிக்குக் கொடுத்தது, தேதியோ ஹப்பினுடையது. வில்லை வாங்கிய பிறகு சக்கரத்தை மாற்றியிருந்தால் பிரேம் 1956-க்கும் முந்தையதாக இருக்கலாம். முன் ஹப்பும் ரிம்களும் அதே வயதில் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகமும் தீரும்.

உங்கள் இத்தாலியப் பிரேமுக்கும் இதையே சொல்லலாம் என்றிருந்தேன். டெரெயிலர், கிராங்க், லாக்நட் மூன்றும் 78 என்றால் அந்த செட் 78-ல் ஒன்றாக வாங்கியது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் செட்டோடு கழற்றி வேறு பிரேமில் மாட்டுவது ரேஸ் ஓட்டுபவர்களுக்கு வழக்கம். பிரேம் வளைந்தால் பிரேமை மட்டும் மாற்றுவார்கள், கம்பக்னோலோவைத் தூக்கிப் போடமாட்டார்கள். மூன்று சாட்சிகளும் ஒரே வீட்டில் இருந்து வந்தால் அது ஒரு சாட்சிதான்.

மாதுங்கா_மணி (மும்பை)

சார், அது வெளிநாட்டில் நடக்கும். மாட்ட இன்னொரு இத்தாலியப் பிரேம் மும்பையில் எங்கே கிடைத்திருக்கும்? இங்கே உடைந்தது பாகம்தான், பிரேம் இல்லை. பாகங்கள் கலையாமல் ஒரே வருஷத்தில் நிற்பதே அந்த வண்டியை யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி என்று நான் நினைக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்காகப் பிரேமையும் பார்த்தேன். பாட்டம் பிராக்கெட் அகலம் 70 மி.மீ., இரண்டு பக்கமும் வலமரை, ஆக இத்தாலிய அளவு. ஆங்கிலம் என்றால் 68 இருக்கும். கீழ்க்குழாயில் பாட்டிலுக்கு ஒரே ஒரு ஜோடி மரை. லீவர் கிளாம்ப். பின் இடைவெளி 126. ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) சினெல்லி கம்பெனியுடையது, பழைய கேடயச் சின்னம். 1978-ல் கொலம்போ குடும்பத்தார் சினெல்லியை எடுத்துக்கொண்ட பிறகுதான் இறக்கை வைத்த புதுச் சின்னம் வந்தது.

மரை24 (பெங்களூரு)

ஒரு ஜோடி பாட்டில் மரை, லீவர் கிளாம்ப், 126. இப்போது பிரேமே 70களின் பின்பகுதி என்று சொல்கிறது. 1978 என்று நானும் எழுதிக்கொள்வேன். முறை பற்றிய என் கருத்து மாறவில்லை: பிரேம் முதலில் சொல்ல வேண்டும், பாகங்கள் பிறகு அதைக் கூர்மையாக்க வேண்டும். வரிசை மாறினால் 1982 டெரெயிலரை வைத்து ஆனந்தின் வண்டியை 1982 என்று எழுதியிருப்போம்.

அல்சூர்_ஆனந்த் (பெங்களூரு)

பாட்டம் பிராக்கெட்டைப் பிரித்தாயிற்று. சார் சொன்ன திசையில் திருகியதும் கப்பு அலுங்காமல் வந்தது. மரை அளவுகோலில் 24 கச்சிதமாக உட்கார்ந்தது, 26 உட்காரவில்லை. உள்ளே கிரீஸ் தார் மாதிரி இறுகியிருந்தது, பால்ரஸ் மட்டும் தேயவில்லை.

இன்னொரு விஷயம். முன் டெரெயிலரை இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. மண்ணெண்ணெயில் போட்டு எடுத்தபோது சன்டூர் என்று தெரிந்தது. பின்பக்கம் சி, பி. சன்டூரில் ஏ 1974 என்றால் சி 1976, பி பிப்ரவரி.

மாதுங்கா_மணி (மும்பை)

பார்த்தீர்களா! 1976 பிப்ரவரியில் ஜப்பானில் செய்தது, 1976 முன்பாதியில் ஒர்க்சாப்பில் பிரேம். இது பிறந்தபோதே கூட வந்த பாகம். முன் டெரெயிலர் அடிபடுவது அபூர்வம், அதனால் யாரும் மாற்றவில்லை. அப்படியானால் பின்னால் இருந்ததும் சன்டூராகத்தான் இருந்திருக்கும். அந்தக் காலத்து சன்டூர் பின் டெரெயிலர் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. கூண்டு லேசாக வளைவு, நிமிர்த்திவிடலாம். வேண்டுமென்றால் முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

மரை24 (பெங்களூரு)

ஒத்துக்கொள்கிறேன், பிரேமும் பாகமும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதைப் பார்க்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

ஆனந்த், ஷிமானோவைக் கழற்றினாலும் தூக்கிப் போடாதீர்கள். யாரோ 1982-லோ அதற்குப் பிறகோ பணம் செலவழித்து இந்த வண்டியை ஓடவைத்த பாகம் அது. உறையில் போட்டு, எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று எழுதி வையுங்கள். பெயின்ட்டுக்கும் அவசரப்படாதீர்கள். அடியில் இருக்கும் கெட்டி நீலம் கம்பெனிப் பெயின்ட்டாக இருக்க நல்ல வாய்ப்பு. மேலே உள்ளதை ரிமூவரில் பொறுமையாக எடுத்தால் பழைய கோடுகளும் எழுத்தும்கூடக் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். காஸ்டிக் சோடா தொட்டிக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

தாராவி_ஸ்போக் (மும்பை)

தொட்டிக்கு அனுப்பினால் எல்லாம் போய்விடும், எங்கள் கடையிலேயே எவ்வளவோ போட்டிருக்கிறோம். கையாலேயே செய்யுங்கள்.

சக்கரத்துக்கு வருகிறேன். படத்தில் முன் பிரேக்கின் கட்டை துளையின் நடுவில் இருக்கிறது, பின் பிரேக்கில் கட்டையை அடிவரை இறக்கியிருக்கிறார்கள். முன் ரிம் 27 அங்குலம், அதாவது டயர் உட்காரும் விட்டம் 630. பின்னால் யாரோ 700சி ரிம் போட்டிருக்கிறார்கள், அது 622. விட்டத்தில் 8 குறைந்தால் பிரேக் கட்டை 4 மி.மீ. இறங்க வேண்டும், அதுதான் நடந்திருக்கிறது. வண்டி 27-க்குச் செய்தது என்பதற்கு அந்த முன் பிரேக்கே அத்தாட்சி.

நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28 டயர் 635, "கொஞ்சம்தானே வித்தியாசம்" என்று கடைக்காரர் திணிக்கப் பார்ப்பார், உட்காராது. டயரின் பக்கச் சுவரில் 630 என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

அல்சூர்_ஆனந்த் (பெங்களூரு)

எல்லோருக்கும் நன்றி. மணி அண்ணா, முகவரி அனுப்பிவிட்டேன், தபால் செலவு என்னுடையது. பின் ரிம்மை 27-க்கு மாற்றிக் கட்டப்போகிறேன், பழைய ஹப்பையே வைத்துக்கொள்கிறேன். தரகருக்கும் போன் செய்து 1976, ஒர்க்சாப் என்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை வண்டி வந்தால் எண்ணைப் படமெடுத்து முதலில் எனக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

தாராவி நண்பரே, 630-க்கு ஸ்போக் நீளம் எவ்வளவு வேண்டும்? ஹப் ஃபிளாஞ்ச் (ஸ்போக் மாட்டும் விளிம்பு) அளவுகளை இன்று இரவு அளந்து போடுகிறேன்.

தாராவி_ஸ்போக் (மும்பை)

ஃபிளாஞ்சில் எதிரெதிர் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு எவ்வளவு, அச்சின் நடுவிலிருந்து ஒவ்வொரு ஃபிளாஞ்சுக்கும் எவ்வளவு, எத்தனை துளை, இந்த மூன்றும் போதும். ரிம்மின் உள்விட்டத்தை மட்டும் ரிம் கைக்கு வந்த பிறகு அளக்க வேண்டும், புத்தகக் கணக்கு வேண்டாம். அதற்கு முன் ஸ்போக் வாங்கிவிடாதீர்கள்.